சூரியப் புயல்கள் நிலநடுக்கத்தைத் தூண்டுகின்றனவா?

சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்த சில நாட்களிலேயே எங்காவது நிலம் நடுங்குகிறதே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பத்தக்க தொடர்பு எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை என்பதே என் பதில்.

‘எங்காவது’ என்பதில்தான் சிக்கல். 5 மற்றும் அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,500, அதாவது நாளொன்றுக்கு நான்கு நிகழ்கின்றன. சூரியப் புயல் வீசிய நாளை எடுத்தாலும் உங்கள் பிறந்தநாளை எடுத்தாலும் ஒன்றாவது அகப்பட்டுவிடும். எனவே, புயல் இல்லாத நாட்களைவிடப் புயல் நாட்களில் எண்ணிக்கை கூடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சூரியப் புள்ளிகள் (சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் பெருகும் கரும்புள்ளிகள்), சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின்) வேகம், புவியின் காந்தப்புலத்தில் நேரும் கலக்கம் ஆகிய மூன்றையும் நிலநடுக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டு, 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெஃப்ரி லவ், ஜெரமி தாமஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. சூரியப் புள்ளிகள் மிகுந்திருந்த காலத்தை ஒட்டி 1960இல் சிலியில் 9.5 அளவு நிலநடுக்கம் வந்தது என்றால், அவை மிகக் குறைந்திருந்த 1964இல் அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம் வந்தது.

மாறாக, 2020இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று, சூரியனை நோக்கும் சோஹோ விண்கலம் சூரியக் காற்றில் அளந்த புரோட்டான் அடர்த்தி உயர்ந்த மறுநாளில் பெரிய நிலநடுக்கங்கள் கூடுவதாகக் கூறியது. மின்புலத்தில் பாறைகளிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சற்றே உருமாறும் என்பதை அவர்கள் விளக்கமாக முன்வைத்தார்கள். படிகத்தின் அந்தப் பண்பு உண்மை. ஆனால் பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பிளவுப் பாறையை நகர்த்தும் அளவுக்கு அது செயல்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை. பல அளவீடுகளையும் வரம்புகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பொருந்தும் என்பதால், வேறு காலத்துத் தரவுகளிலும் அது நிற்கும்வரை நான் ஏற்கத் தயங்குவேன்.

விசைகளின் அளவைப் பார்த்தால் தயக்கம் இன்னும் வலுக்கிறது. சூரியக் காற்றின் அழுத்தம் ஒரு பாஸ்கலில் (அழுத்தத்தின் அலகு) 100 கோடியில் சில பங்கு; கடும் புயலில் அது பத்து மடங்கு உயர்ந்தாலும், புவியின் காந்தப்புலமே அதில் பெரும்பகுதியைத் தரைக்கு வெகு உயரத்தில் தடுத்துவிடுகிறது. நிலவும் சூரியனும் ஈர்ப்பால் உண்டாக்கும் ஓதமோ பாறைகளில் சில ஆயிரம் பாஸ்கல் அழுத்தத்தை நாள்தோறும் ஏற்படுத்துகிறது. ஓத அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது சிறு அதிர்வு பெரிய நிலநடுக்கமாக வளரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அந்தச் சிறு கூடுதலைக் கொண்டுகூட நாளும் இடமும் குறித்து எச்சரிக்க முடியவில்லை.

2024 மே மாதப் புயல் இருபது ஆண்டுகளில் காணாத கடுமையுடையது. லடாக்கின் ஹன்லே வரை சிவப்பு நிறத் துருவ ஒளி தெரிந்தது. ஒரு நிகழ்வு எதையும் நிரூபிக்காது என்றாலும், அந்த மாதத்தில் 7 அளவை எட்டிய நிலநடுக்கம் உலகில் ஒன்றுகூட நிகழவில்லை.