எந்த மொழி குறுக்கே வருகிறது? வாசகர் கேள்வி பதில்

குன்னூரிலிருந்து ஒரு செவிலியர்: தாய்மொழி தமிழ், படித்தது ஆங்கில வழியில். ஜெர்மனியில் வேலைக்காக பி2 (இடைநிலைக்கு மேற்பட்ட தேர்ச்சி) வரை ஜெர்மன் படிக்கிறேன். வாக்கியம் அமைக்கும்போதெல்லாம் தடுமாற்றம். தமிழ்தான் தடையா?

தமிழைவிட ஆங்கிலம்தான் உங்களுக்கு அதிக இடைஞ்சல். புது மொழி பேச வாய் திறந்ததும் மனம் ஓடிப்போய் எடுப்பது பெரும்பாலும் தாய்மொழியை அல்ல, இடையில் படித்துக் கற்ற மொழியை. ஸ்வீடிஷ், டச்சு கற்கத் தொடங்கியவர்கள் எதிர்மறைச் சொல்லை வாக்கியத்தில் எங்கே வைக்கிறார்கள் என்று கவனித்து, கமில்லா பார்டெல், இல்வா ஃபால்க் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது.

சொற்களுக்கு ஆங்கிலம் நல்ல துணை. வாஸர், ஹவுஸ், ஃபிங்கர் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். வாக்கியத்தில்தான் காலை வாரிவிடும். ‘இன்று நான் போகிறேன்’ என்பதை ஆங்கில வரிசையில் ‘ஹொய்டெ இஷ் கேஹெ’ என்பீர்கள். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும்: ‘ஹொய்டெ கேஹெ இஷ்’. இதற்குத் தமிழும் உதவாது, வாய்க்குப் பழக்க வேண்டியதுதான். ஆனால் காரணம் சொல்லும் ‘வைல்’ வந்துவிட்டால் வினை கடைசிக்குப் போய்விடும்: ‘வைல் இஷ் ஹொய்டெ க்ராங்க் பின்’ (ஏனென்றால் எனக்கு இன்று உடம்பு சரியில்லை). வினை கடைசியில் வருவது நமக்குப் பழகியதுதானே?

வேற்றுமையிலும் தமிழைக் கேளுங்கள். ‘உனக்கு உதவுகிறேன்’ என்பதில் நாம் ‘-க்கு’ போடுகிறோம். ஜெர்மனும் அப்படியே: ‘இஷ் ஹெல்ஃபெ டிர்’. ஆங்கில வழியாக வருபவர்கள்தான் ‘டிஷ்’ (உன்னை) என்று தவறுவார்கள். ‘எனக்குக் குளிருது’ என்பது ‘மிர் இஸ்ட் கால்ட்’. ஆங்கிலத்தைப் பார்த்து ‘இஷ் பின் கால்ட்’ என்றால் ஈரமில்லாத மனசுக்காரி என்று பொருளாகிவிடும். எல்லா வினைக்கும் இந்தப் பொருத்தம் வராது. ‘ஃப்ராகென்’, அதாவது கேட்டல், நாம் ‘-இடம்’ போடும் இடத்தில் ‘-ஐ’ கேட்கும். ஆகவே ஒவ்வொரு வினையையும் அதன் வேற்றுமையோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் ஜெர்மன் வரிக்கு அடியில் தமிழ் வரி போதும், நடுவில் ஆங்கிலம் வேண்டாம்.

வார்டில் ஆபத்தானது எண். 53-ஐ ‘மூன்றும் ஐம்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். கேட்டதும் எழுதினால் 35 ஆகிவிடும். இரண்டு கட்டம் போட்டு, முதலில் கேட்பதை வலது கட்டத்தில் எழுதிப் பழகுங்கள்.

மேலே இரு புள்ளி வைத்த ‘உ’ வரவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். ‘ஈ’ சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். உங்கள் மலையிலேயே தோடர் மொழியில் இந்த ஒலி உண்டு!

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: வீட்டில் தமிழ், அக்கம்பக்கத்தில் படகா. மைசூரில் வேலை. கன்னடம் புரிகிறது, ஆனால் நான் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து மொழியின் தொல்லையே அதுதான். புரிந்துவிடுவதால் கற்பதை நிறுத்திவிடுகிறோம். ஒலி மாற்றம் எளிது: சொல் தொடக்கத்துப் பகரம் ஹகரமாகும் (பால் – ஹாலு, புலி – ஹுலி, பத்து – ஹத்து). இது படகாவிலும் காதில் விழுந்திருக்கும். பூஜை, புஸ்தகம் போன்ற வடசொற்களில் இந்த விதி செல்லாது.

தப்பு நடப்பது வினை முடிவில். நாம் ‘போகல’ என்றால் நடந்து முடிந்தது. அதே நினைப்பில் ‘ஹோகல்ல’ என்றால் அவர்கள் காதில் விழுவது ‘போகமாட்டேன்’. மேலாளரிடம் இதைச் சொன்னால் வம்புதான். போகவில்லை என்பதற்கு ‘ஹோகலில்ல’. வரல்ல – வரலில்ல என்று கற்பனையாக உருட்டாமல், போ, வா, செய், கொடு, பார் ஆகிய ஐந்து வினைகளுக்கு இவ்விரு எதிர்மறை வடிவங்களையும் கன்னடக்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்து, கூடவே சொல்லிப் பாருங்கள்.

ஊட்டியில் தைலக் கடை வைத்திருப்பவர், வயது 54: சுற்றுலாப் பயணிகளுக்காக இந்தி வாக்கியங்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். வயதாகிவிட்டதாலா?

வயது உச்சரிப்பைக் கொஞ்சம் பாதிக்கும். இலக்கணத்தைப் பெரியவர்கள் தொடக்கத்தில் குழந்தைகளைவிட வேகமாகவே பிடிக்கிறார்கள். சிக்கல் நீங்கள் எழுதிவைக்கும் எழுத்தில். சாப்பாடும் பாட்டும் இந்தியில் வேறு வேறு ஒலியில் தொடங்குகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கானா’. சுலோகப் புத்தகங்களைப் போல க, க², க³, க⁴ என்று எண் போடுங்கள். அதைவிட நாகரி எழுத்தையே கற்றுவிடுங்கள். க², க⁴ சொல்லும்போது உதட்டுக்கு முன் பிடித்த மெல்லிய தாள் ஆட வேண்டும், மற்ற இரண்டுக்கும் ஆடக் கூடாது.

ஆண்பால், பெண்பாலுக்குப் பட்டியல் போடாமல், விற்கும் சரக்கை அடைமொழியோடு சொல்லிப் பழகுங்கள்: ‘அச்சா தேல்’ (நல்ல தைலம், ஆண்பால்), ‘அச்சீ சாய் பத்தீ’ (நல்ல தேயிலை, பெண்பால்).