வாசகர் கேள்வி-பதில்: லீ பள்ளி, லூயிஸ் பள்ளி ஆன கதை

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கும் என் அக்கா மகன் ஜான் லூயிஸ் ஹைஸ்கூலில் படிக்கிறான். அதே கட்டடத்தில் முன்பு படித்த பக்கத்து வீட்டுக்காரரின் சான்றிதழில் 'ராபர்ட் ஈ. லீ' என்று இருக்கிறதாம். எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: பள்ளி ஒன்றுதான், பெயர்தான் மாறியது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஸ்பிரிங்ஃபீல்டில் 1958-ல் அது திறக்கப்பட்டபோது வைத்த பெயர் லீ. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைத்தளபதி அவர். இறந்தது 1870-ல்.

88 வருடம் கழித்து அவர் நினைவு வந்ததற்குக் காரணம், 1958 என்ற அந்த வருடம்தான். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா அரசோ, சேர்த்து உட்கார வைப்பதற்குப் பதில் 1958 இலையுதிர் காலத்தில் நார்ஃபோக், சார்லட்ஸ்வில் ஊர்களில் சில பள்ளிகளை இழுத்து மூடியது. 1959-ல் அதே ஃபேர்ஃபாக்ஸில் இன்னொரு தென்படைத் தளபதி ஜெப் ஸ்டூவர்ட் பெயரில் ஒரு பள்ளி. இப்படிப்பட்ட பெயர்ப்பலகையைப் பார்த்தால், யார் பெயர் என்பதோடு எந்த ஆண்டு என்றும் பாருங்கள்.

கேள்வி: மாற்றுவது யார்? கவர்னரா? (அதே வாசகர்)

பதில்: இல்லை. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். ஃபேர்ஃபாக்ஸில் 12 பேர். இரண்டு கட்டமாக வாக்கெடுப்பு நடக்கும். முதலில் பழைய பெயரை நீக்கலாமா என்பது மட்டும். புதுப் பெயர் பிறகுதான். இரண்டையும் ஒன்றாக வைத்தால் 'அவர் வேண்டாம், இவர்' என்ற சண்டையில் பழைய பெயரே தப்பித்துவிடும்! லீயை நீக்க 2020 ஜூனில் முடிவானது. புதுப் பெயருக்கான பட்டியலில் ஒபாமா, விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பெயர்களும் இருந்தன. ஜூலை 17-ல் லூயிஸ் காலமானார். கறுப்பின உரிமைப் போராளியான அவர், 1965-ல் அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர். 23-ம் தேதி வாரியம் அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தது. விளையாட்டு அணியின் பெயர் மட்டும் அதே 'லான்சர்ஸ்'.

அலபாமாவில் இவ்வளவு சுலபமில்லை. நீண்ட காலமாக இருக்கும் பெயரை மாற்றினால் 2017 சட்டப்படி 25,000 டாலர் அபராதம். அப்படியும் மாண்ட்கமரி வாரியம் 2022-ல் இரண்டு பள்ளிகளின் பெயரை மாற்றியது. அங்கிருந்த லீ பள்ளிக்கு அவ்வூரில் பிறந்த வேதியியலாளர் பெர்சி ஜூலியன் பெயர். இன்னொன்றுக்கு வைத்த மூன்று பெயர்களில் ஒன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நதியுடையது.

மாற்றியது திரும்பியும் வரலாம். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா கவுண்டியில் ஒரு பள்ளியிலிருந்து 2020-ல் எடுத்த தென்படைத் தளபதி 'ஸ்டோன்வால் ஜாக்சன்' பெயரை, 2024 மே மாதம் வாரியம் 5-1 என்ற வாக்கில் மறுபடி ஒட்டியது. தேர்தலில் வாரியத்தின் ஆட்கள் மாறினால் பலகையும் மாறும்.

பக்கத்து வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டாம், பழைய சான்றிதழ் செல்லும். விண்ணப்பங்களில் சான்றிதழில் உள்ள பெயரையே எழுதி, பக்கத்தில் 'தற்போது ஜான் லூயிஸ் ஹைஸ்கூல்' என்று சேர்த்தால் போதும்.