கணினிக் கேள்வி – பதில்: "வீடியோ இருக்கே, சொல்லிக்கொடுக்க ஆள் எதுக்கு?"

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஈ.டி.பி. (கணினி) பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 140 பேர் ஈ.ஆர்.பி.யில் (ஸ்டோர்ஸ், ஆர்டர், கணக்கு எல்லாவற்றையும் இணைக்கிற மென்பொருள்) என்ட்ரி போடுகிறார்கள். மென்பொருளைப் போட்டவர்கள் ஆரம்பத்தில் 5 நாள் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் இப்போது வேலையில் இல்லை. சொந்தமாக ஒரு பயிற்சிக் குழு வைக்கலாம் என்றால், 'வீடியோ இருக்கே, போன் போட்டா அவங்களே சொல்றாங்களே' என்கிறார் முதலாளி. எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: 'பயிற்சி' என்ற சொல்லோடு முதலாளி அறைக்குள் போகாதீர்கள். அவர் காதில் அது செலவு என்றுதான் விழும். தப்பு என்ட்ரிக்காக இப்போதே கையைவிட்டுப் போகிற பணத்தைக் கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள்.

முதலில் நான்கு வாரம் உங்கள் மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் யார், எந்த ஸ்கிரீன், எத்தனை நிமிடம் என்று எழுதி, கூடவே ஒரு எண் போடுங்கள்: மென்பொருளிலேயே கோளாறு என்றால் 1, அனுமதி இல்லை என்றால் 2, பிரிண்டர், நெட்வொர்க் என்றால் 3, போடத் தெரியவில்லை என்றால் 4. உங்கள் வாதத்துக்கு 4 மட்டும்தான் உதவும். மற்றவற்றையும் சேர்த்துக் காட்டினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த வகையில் ஒரு நாளைக்கு 25 அழைப்பு, ஒவ்வொன்றும் 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர், சொல்பவர் இருவர் நேரமும் சேர்ந்து நாளுக்கு 10 மணி நேரம், 26 நாளில் 260 மணி நேரம். மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தை 208 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 120 ரூபாய். ஆக மாதம் 31,200. இது ஒரு ஆள் சம்பளத்துக்குத்தான் வரும், குழுவுக்குப் போதாது. அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பெரிய பணம் தப்பு என்ட்ரியில் இருக்கிறது.

சாயப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். 500 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) டி.சி. (டெலிவரி சலான்) போட்டுப் போகிறது, 470 கிலோ திரும்பி வருகிறது. ஸ்டோர்ஸ் பையன் வரவு 470 என்று போட்டுவிட்டு, 30 கிலோ ப்ராசஸ் லாஸை (சாயம் போடும்போது குறைகிற எடையை) அதற்கான கட்டத்தில் போடாமல் விட்டுவிடுகிறான். அப்படி ஒரு கட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை அந்த 30 கிலோ இன்னும் பட்டறையில் கிடக்கிறது. இப்படி 40 லாட் (ஒரு தடவை அனுப்புகிற துணி ஒரு லாட்) போனால் இல்லாத துணி 1,200 கிலோ. பட்டறைக்காரர் பில் பாஸ் ஆகாமல் நிற்கும். ஸ்டாக் இருப்பதாக நினைத்து மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) அடுத்த ஆர்டருக்குத் துணி குறைத்துப் போடுவார். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஐ.டி.சி.-04 படிவத்திலும் (ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்கு, அனுப்பிய சரக்குக்கான ஜி.எஸ்.டி. கணக்கு) அது நிலுவையாகவே ஏறும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வட்டியோடு வரி கேட்பதற்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த 1,200 கிலோவை உங்கள் துணி விலையால் பெருக்கி ஒரே தாளில் காட்டுங்கள்.

பட்டன், லேபிளில் 100 குரோஸ் என்பதை 100 பீஸ் என்று போட்டவர்களும் உங்கள் கம்பெனியில் இருப்பார்கள். ஒரு குரோஸ் 144. தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

இதெல்லாம் வீடியோவில் வராது. எந்த பட்டனை அழுத்துவது என்று வீடியோ சொல்லும். உங்கள் கம்பெனியில் லாட் நம்பரை யார் தருவார், லாஸ் எத்தனை சதவீதம் வரை மேனேஜரைக் கேட்காமல் போடலாம் என்பது உங்கள் ஆளுக்குத்தான் தெரியும். அதனால் சொல்லிக்கொடுப்பவரைக் கணினிப் பிரிவில் தேடாதீர்கள். ஸ்டோர்ஸிலோ மெர்ச்சண்டைசிங்கிலோ பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரை முழுநேரமாக எடுங்கள். துறைக்கு ஒருவர், தினம் அரை மணி நேரம் அவருக்குக் கை கொடுத்தால் 140 பேருக்குப் போதும்.

வகுப்பு 45 நிமிடம், 6 முதல் 8 பேர், ஆளுக்கொரு கணினி. 10 நிமிடம் செய்துகாட்டட்டும். அடுத்த 25 நிமிடம் நேற்றைய நிஜ டி.சி.யை அவர்களே போடட்டும். மீதி நேரத்தில் வேண்டுமென்றே ஒரு தப்புப் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள்; பலருக்கும் திணறல் அங்கேதான். ஷிப்மென்ட் வாரத்தில் வகுப்பு வைக்கவே வேண்டாம்.

பழக ஒரு நகல் டேட்டாபேஸ் வேண்டும். அதன் பின்னணி நிறத்தை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நிஜ என்ட்ரி அதில் போய் விழும். சம்பளம், விலை விவரங்களை மறைத்துவிடுங்கள். முக்கியமாக, நகலிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவாகிற பில்), இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கான சீட்டு) இணைப்பைத் துண்டியுங்கள். துண்டிக்காமல் விட்டால் பயிற்சிக்குப் போட்ட பில் நிஜமாகவே போர்ட்டலில் பதிவாகும். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும்.

முதலாளியிடம் மூன்று மாதம், ஸ்டோர்ஸ் மட்டும் என்று கேளுங்கள். 100 வரவு என்ட்ரியில் எத்தனை பின்னால் திருத்தப்படுகிறது என்ற ஒரே எண்ணை முன்னும் பின்னும் எடுங்கள். எவ்வளவு குறையாவிட்டால் நீங்களே கைவிடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பணம் போடுகிறவருக்கு அதில்தான் நம்பிக்கை வரும்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்: வேலை நெருக்கும்போது, 'உனக்குத்தான் தெரியுமே, நீயே போட்டுடு' என்று பயிற்சியாளரை என்ட்ரி ஆளாக்கிவிடுவார்கள். அவர் என்ட்ரி போடக் கூடாது என்று வேலை உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அடுத்த பயிற்சி வரும் வரை பழைய ஆளின் ஐ.டி.யைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 1-4-2023 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். போனவர் பெயரில் திருத்தம் பதிவானால் ஆடிட்டரிடம் பதில் சொல்ல முடியாது. சேர்ந்த அன்றே பார்க்க மட்டும் அனுமதியுள்ள ஐ.டி. கொடுங்கள், முதல் வகுப்பு முடிந்ததும் என்ட்ரி அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் 12 பேர்தான் கணினியில் வேலை செய்கிறார்கள். எங்களுக்கும் குழு வேண்டுமா?

பதில்: வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு வாரம் 3 மணி நேரம் ஒதுக்கி, அதற்குச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அடிக்கடி தப்பாகிற பத்து வேலைகளுக்கு, வேலைக்கு ஒரு பக்கம் என்று குறிப்பு எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.