கை வியர்த்தால் கையுறையா, ஓவர்கிரிப்பா?

கேள்வி: டென்னிஸ் ஆடும்போது எனக்கு உள்ளங்கை ரொம்ப வியர்க்கும். முதல் செட் முடிவதற்குள் ராக்கெட் கையில் சுழல ஆரம்பித்துவிடுகிறது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் மாதிரி கையுறை போட்டுக்கொள்ளலாமா? விதி அனுமதிக்குமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: விதியில் தடை இல்லை. ஆனாலும் நான் போடச் சொல்ல மாட்டேன். கோல்ஃபிலேயே பந்தைக் குழிக்குள் உருட்டும் கட்டம் வந்ததும் பலர் கையுறையைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிவிடுவார்கள், விரலுக்கு உணர்வு வேண்டும் என்று. டென்னிஸில் அந்த உணர்வு ஒவ்வோர் அடிக்கும் வேண்டும். ராக்கெட்டின் கைப்பிடி உருண்டை இல்லை, எட்டுப் பட்டை. ஃபோர்ஹேண்ட் அடித்துவிட்டு வாலிக்கு, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிக்க, ஓடும்போது குனிந்து பார்த்தா பிடியை மாற்றுகிறோம்? பட்டையின் விளிம்பு உள்ளங்கையில் தட்டுப்படும், கை தானே திரும்பிக்கொள்ளும். நடுவில் ஓர் உறை வந்தால் அது மழுங்கிப்போகும். அப்புறம், உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உறை உள்ளே நனைந்துவிடும். ராக்கெட் நழுவாவிட்டாலும் உறைக்குள் கை நழுவும்.

ஓவர்கிரிப்பே, அதாவது கைப்பிடியின்மேல் சுற்றிக்கொள்ளும் மெல்லிய நாடாவே, போதும். எந்த ஓவர்கிரிப் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் தொட்டுப் பார்த்து, பிசுபிசுவென்று ஒட்டுவதை வாங்கிவிடுவார்கள். அது அதிகம் வியர்க்காத கைக்கு. உங்களுக்கு உலர் வகை வேண்டும். முன்னாள் டென்னிஸ் சாம்பியன் பீட் சாம்ப்ராஸ் பயன்படுத்திய நீல நிற டூர்னா கிரிப் அந்த ரகம். புதிதில் காகிதம்போல வறண்டிருக்கும். ஈரம் பட்டபிறகுதான் பிடிக்கும். சீக்கிரம் நைந்துவிடும், ஒன்றையே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். வழவழப்பு தட்டியதும் உரித்துப் போடுங்கள்.

சுற்றும்போது குறுகலான முனையை அடியில் வைத்து, நன்றாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின்மேல் அடுத்தது லேசாக ஏறும்படி சுற்றுங்கள். ராக்கெட் விற்கும்போது சொல்லும் பிடி அளவில் ஏறக்குறைய அரை அளவு கூடும். அதனால் அடுத்த ராக்கெட் வாங்கும்போது இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் சிறியதையே எடுங்கள். மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டால் முழங்கையிலிருந்து வழிவதும் நிற்கும். பழைய சாம்பியன் இவான் லெண்டில் பாக்கெட்டில் மரத்தூள் வைத்திருந்து கையில் தேய்த்துக்கொள்வார். நீங்கள் அதைச் செய்தால் கோர்ட்டைக் கூட்டுகிறவர் திட்டுவார்.

கையில் கொப்புளம் வந்திருந்தால், அது ஆறும்வரை விரல் நுனி திறந்த உறை போடுவதில் தப்பில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை சொட்டுகிறது என்றால் மட்டும் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.