சிறுவர் இன்புளுவென்சா: ஒசெல்டமிவிர் யாருக்கு, எவ்வளவு?

ஒசெல்டமிவிர் இன்புளுவென்சா வைரசுக்கு எதிரான மருந்து. அதைப் பற்றிப் பல ஊர்ப் பெற்றோர் கேட்டவையும் டொக்டரின் பதில்களும் இவை.

ஏறாவூர்: டொக்டர், மகளுக்கு 6 வயது. நேற்றிரவிலிருந்து காய்ச்சல், இருமல். ஒசெல்டமிவிர் தொடங்கவா?

நல்லாக் குடிக்கிறாள், மூச்சு இழுக்கவில்லை, வேறு நோயும் இல்லை என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய ஒரு நாள் முந்திச் சுகமாகும், அவ்வளவுதான். 2 வயதுக்குட்பட்ட பிள்ளை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ள பிள்ளை என்றால் கதை வேறு: பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். வார்டில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையானால் 48 மணித்தியாலம் கடந்தும் கொடுப்போம்.

செங்கலடி: மகன் 18 கிலோ. பாணி மருந்து எழுதியிருக்கிறார்கள். அளவு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு வயதுக்கு மேல் அளவைத் தீர்மானிப்பது நிறைதான். 15 கிலோ வரை 30 மில்லிகிராம், 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75. இது ஒரு வேளைக்கான அளவு: காலையும் இரவும், 5 நாள். உங்கள் மகனுக்கு 45. கரைத்த மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 6 மில்லிகிராம் இருந்தால் 7.5 மில்லிலீற்றர். பிழை நடப்பது இங்கேதான்: மில்லிகிராமை மில்லிலீற்றராக வாசித்துவிடுகிறார்கள். தேக்கரண்டி வேண்டாம், சிறிஞ்சால் அளவுங்கள். ஒவ்வொரு முறையும் போத்தலைக் குலுக்குங்கள், அடியில் படியும். 25 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக்கூடாது. நம் பக்க வெக்கைக்குப் பிறிட்ஜ்தான், ஐஸ் பெட்டியில் அல்ல. காய்ச்சல் விட்டாலும் 5 நாளையும் முடியுங்கள்.

அக்கரைப்பற்று: கொடுத்ததும் சத்தி எடுக்கிறான்.

இந்த மருந்தில் அதிகம் காண்பது அதுதான். சாப்பாட்டோடு கொடுங்கள். கெப்சியூல் என்றால் திறந்து, தூளைக் கொஞ்சம் கித்துள் பாணியில் கலக்கலாம், கசப்பு மறையும். கெப்சியூல் தூளைக் கண்மட்டத்தில் பாதியாக்க வேண்டாம்.

கல்முனை: மழைக்காலம். இது டெங்காக இருந்தால்?

அந்தப் பயம் நியாயமானது. முதல் இரண்டு நாளில் இரண்டையும் பார்வையால் பிரிப்பது கடினம். ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியால இடைவெளியில். ஐபுபுறூபன், டைக்ளோபெனாக் வேண்டாம், டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும். அஸ்பிரின் டெங்கு, இன்புளுவென்சா இரண்டிலும் ஆபத்து. இன்புளுவென்சாவோடு சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேயின் நோய் வரலாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைவு கண்டால் விடியும்வரை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வாழைச்சேனை: போன முறை மிஞ்சிய அமொக்சிசிலின் கொடுக்கலாமா?

வேண்டாம். அது பக்டீரியாவுக்கான அன்டிபயோட்டிக், இன்புளுவென்சா வைரசில் வேலை செய்யாது. கரைத்து வைத்த பழைய போத்தலை இன்றைக்கே வீசுங்கள்.