பற்றாக்குறை மகனால் வரவில்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். வயது 64, மனைவிக்கு 58. மகனுக்கு 31. நான் பணியில் இருந்தபோது, ஏழு வருடத்துக்கு முன், பைக் விபத்தில் அவனுக்குத் தலையில் பலத்த அடி. நடக்கிறான், தானே சாப்பிடுகிறான். வலது கை சரியாக வராது, பேச்சு தடுமாறும், சொன்னது ஐந்து நிமிடம் நினைவில் நிற்காது, திடீரென்று கோபம் வரும். விபத்து இழப்பீடாக 40 லட்சம் வந்தது. 30 லட்சத்தைத் தீர்ப்பாயம் அவன் பெயரில் டெபாசிட் செய்ய வைத்தது. வட்டி எங்களுக்கு வருகிறது. எட்டு மாதத்தில் முதிர்கிறது. கையில் தந்த 10 லட்சத்தை மாப்பிள்ளையின் தொழிலுக்கு வங்கி மூலம் கொடுத்து 28 மாதம் ஆகிறது. அது போதவில்லை என்றதால் நான்கு மாதம் கழித்து என் பென்ஷன் மீது 5 லட்சம் கடன் எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் 10,000 வீதம் தந்தார், பிறகு நின்றுவிட்டது. மகன் செலவைச் சமாளிக்க நகைக்கடன் வாங்கி வாங்கி 2,40,000 ஆகிவிட்டது. கோவை அருகே ஒரு பராமரிப்பு ஹோமில் அவனைச் சேர்க்க மாதம் 18,000 கேட்கிறார்கள். மொத்தமாக 25 லட்சம் கட்டினால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வார்களாம். முதிரும் பணத்தில் மாப்பிள்ளையும் 10 லட்சம் கேட்கிறார். ஏஜெண்ட் ஒருவர் வருடம் 3 லட்சம் கட்டும் ‘உத்தரவாத வருமான’ பாலிசியைச் சொல்கிறார். எங்களுக்குப் பின் அவன் நிலை என்ன என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய வரவு செலவை வைத்துப் பார்த்தால், ‘மகன் செலவைச் சமாளிக்க நகைக்கடன்’ என்று எழுதியிருப்பது சரியில்லை ஐயா. பென்ஷன் 34,000, டெபாசிட் வட்டி மாதத்துக்கு ஏறக்குறைய 17,500. மொத்தம் 51,500. வீட்டுச் செலவு 20,000. மகனுக்கு உதவியாளர், பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் சேர்த்து 28,000. இதுவரை 48,000. மாதம் 3,500 மிஞ்சுகிறது. இதற்கு மேல் ஒரு செலவு இருக்கிறது: மாப்பிள்ளைக்காக எடுத்த கடனின் இ.எம்.ஐ. 12,800. அதைச் சேர்த்ததும் 9,300 துண்டு விழுகிறது. 24 மாதத்துக்கு 2,23,000. மாப்பிள்ளை ஆறு மாதம் தந்த 60,000-ஐக் கழித்தால் 1,63,000. நகைக்கடனின் வட்டியையும் கூட்டினால் உங்கள் 2,40,000-இல் பெரும்பகுதி வந்துவிடுகிறது.

ஆக, உங்கள் மனைவியின் நகை அடகுக்குப் போனது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தவணைக்காக. ஏழு வருடமாக உங்கள் வீட்டில் ‘இவனால் இவ்வளவு செலவு’ என்ற பேச்சு இருந்திருந்தால், இந்தக் கணக்கை எல்லோர் முன்னும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்த 10 லட்சம் வங்கியில் இருந்திருந்தால் மாதம் இன்னொரு 5,800 வந்திருக்கும். இழப்பீடு குடும்பப் பணம் இல்லை. அவனுடைய போன கைக்கும் போன நினைவுக்கும், இனிமேல் சம்பாதிக்க முடியாத சம்பளத்துக்கும் தந்த ஈடு அது.

முதிரும் பணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே கொடுத்ததில் அவசரம் ஒன்று இருக்கிறது. கைமாற்றுக் கடனை வழக்குப் போட்டு வசூலிக்க, பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரையறை. 28 மாதம் போய்விட்டது, மீதி எட்டு மாதம். அதற்குள் அவரிடம் ‘இன்ன தேதியில் இவ்வளவு பெற்றேன், இவ்வளவு பாக்கி’ என்று தேதியுடன் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். வங்கிக் கணக்கில் போன பணம் என்பதால் ஆதாரம் இருக்கிறது. மகள் மனம் கோணும் என்று தயங்குவீர்கள். மகளையும் உட்கார வைத்தே பேசுங்கள். நாளைக்குத் தம்பியின் பொறுப்பில் ஒரு பங்கு அவர் தலையிலும் விழப்போகிறது. பென்ஷன் கடனில் அசல் இன்னும் 2,76,000 அளவில் நிற்கிறது. இந்த மாதத்திலிருந்து அந்தத் தவணையாவது மாப்பிள்ளை கணக்கிலிருந்து வரட்டும். பத்து லட்சத்தை ஒரேயடியாகக் கேட்டால் எதுவும் வராது.

25 லட்சத்துக்கு ஆயுள் பராமரிப்பு என்பதைப் பார்ப்போம். மாதம் 18,000 என்றால் வருடம் 2,16,000. ஹோம் கட்டணம் ஆண்டுதோறும் 7, 8 சதவீதம் ஏறும். டெபாசிட் வட்டியும் அந்த அளவுதான். இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று வைத்தால், 25 லட்சம் பதினொன்றரை வருடத்துக்குத்தான் வரும். உங்கள் மகனுக்கு 31 வயது. மீதி முப்பது சொச்சம் வருடத்துக்கு அவர்கள் எங்கிருந்து செலவு செய்வார்கள்? புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணத்திலிருந்துதான். சேர்க்கை குறைந்தால், நிறுவியவர் மறைந்தால், கட்டடம் கைமாறினால் நிலைமை என்ன? நல்ல மனதோடு நடத்துகிறவர்களாகவே இருக்கட்டும், இந்தக் கணக்கு அவர்களுக்கே கட்டுப்படியாகாது. ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதித் தந்தால் திரும்பக் கேட்கவும் பிடி இருக்காது. மாதக் கட்டணமே கட்டுங்கள். மூன்று மாத முன்பணம் கேட்டால், வெளியேறும்போது திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

மாதக் கட்டணம் தாங்குமா? கட்டணம் 18,000, மாத்திரை 4,000, உடை, முடிவெட்டு, மருத்துவமனைக்குத் துணை என்று 4,000. மொத்தம் 26,000. வீட்டுச் செலவு போக உங்களிடம் 31,500 இருக்கிறது. தாங்கும், அந்த 12,800 தவணை உங்கள் தலையில் இல்லாவிட்டால் மட்டும்.

உங்களுக்குப் பின் என்ன என்பதற்கு உங்கள் கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குடும்ப ஓய்வூதியம். உங்களுக்குப் பின் மனைவிக்கும், அவருக்குப் பின், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கு ஆயுள் முழுக்கவும் அது போகும். இன்றைய கணக்கில் 20,000-ஐ ஒட்டி வரும், அகவிலைப்படியோடு ஏறும். விபத்து உங்கள் பணிக்காலத்தில் நடந்தது உங்களுக்குச் சாதகம். ஆனால் நீங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, அவன் பெயர் ஓய்வூதிய ஆவணத்தில் ஏற வேண்டும். பெற்றோர் போன பிறகு உறவினர் தாள் தாளாகத் தேடி அலையும் வீடுகளில் பெரும்பாலும் விடுபட்டது இந்த ஒரு பதிவுதான். குடும்ப ஓய்வூதியம் 20,000, டெபாசிட் வட்டி 17,500, செலவு 26,000. மிஞ்சுவதை மறுபடி டெபாசிட்டில் போட்டால் விலைவாசிக்கு ஈடுகொடுக்கும். அந்த 30 லட்சம் கரைந்தால் இந்தக் கணக்கே நிற்காது.

அடுத்து, அவனுக்காகக் கையெழுத்துப் போடப்போவது யார்? ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கும் எளிய வழி, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். 24 வயதில் வந்த மூளைக்காயம் தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மகனின் ஊனச் சான்றை எடுத்துப் பாருங்கள். கைக்கு மட்டும் சதவீதம் போட்டிருந்தால் மருத்துவக் குழுவிடம் மறுமதிப்பீடு கேட்டு, பேச்சு, நினைவாற்றல், நடத்தை பாதிப்புகளும் பதிவாகச் செய்யுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் பதிவானால் அந்த வழியைக் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்’ (அவனோடு சேர்ந்து முடிவெடுப்பவர்), அல்லது உயர் நீதிமன்றம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக்கிச் சொத்தை விற்க அனுமதித்தபோதும், 50 லட்சத்தைக் கணவர் பெயரில் டெபாசிட் செய்து வட்டியை மட்டும் எடுக்கச் சொன்னது. நீதிமன்றங்கள் இந்தப் பணத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இது போதும்.

முதிர்வுக்கு இரண்டு மாதம் முன்பே வழக்கறிஞர் மூலம் தீர்ப்பாயத்தில் டெபாசிட்டை நீட்டிக்க மனுப் போடுங்கள். நாலு நாள் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் ஊரே கேட்கும். வட்டி ஒரு சதவீதம் கூட என்று தனியார் நிதி நிறுவனத்துக்கு மாற்ற வேண்டாம்.

பாலிசிக்குச் சுருக்கமாக: வேண்டாம். வருடம் 3 லட்சம் உங்களிடம் இல்லவே இல்லை. இரண்டாம் வருடம் நிறுத்தினால் கட்டியது முழுதாகத் திரும்பாது. ‘மாற்றுத்திறனாளி பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வரிச்சலுகை’ என்பார். உங்கள் பென்ஷனுக்குப் புதிய முறையில் வரியே கிடையாது, சலுகையை வைத்து என்ன செய்வீர்கள்?

ஹோமைத் தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்களைக் கேளுங்கள். 2016 சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சரிபார்க்கலாம். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை மட்டும் பார்த்துப் பழகிய ஹோம்கள் மூளைக்காயத்தில் தடுமாறும். உங்கள் மகனுக்குப் பழைய வாழ்க்கை நினைவிருக்கிறது, சிறுபிள்ளைபோல் நடத்தினால் கோபம் வரும். அந்தக் கோபத்தையே காரணம் காட்டி ‘அழைத்துப் போங்கள்’ என்பார்கள். ஆகவே எந்த நிலையில் வெளியேற்றுவார்கள், எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரவில் விழித்திருக்க ஆள் உண்டா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை, கட்டணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதையும் கேளுங்கள்.

முதலில் இரண்டு மாதம் சோதனையாக விடுங்கள். அதுவரை வீட்டு உதவியாளரை நிறுத்த வேண்டாம். திரும்பி வந்தால் அதே ஆள் கிடைக்க மாட்டார். இரண்டு செலவும் சேர்ந்து ஓடும் அந்த மாதங்களுக்காக 50,000 முன்கூட்டி ஒதுக்குங்கள். சொல்லாமல் ஒரு மாலை, சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அவன் நாள் முழுக்கச் செய்ய வேண்டியதை நேர வாரியாகப் படத்தோடு எழுதி, அவன் கட்டில் பக்கத்துச் சுவரில் நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது அது அங்கே இருக்கிறதா, ஊழியர்கள் அதைக் காட்டித்தான் அவனிடம் பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.