மேனுவல் கியர்பாக்ஸில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போட வேண்டும்; பழைய டிஃபரன்ஷியலை, அதாவது இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தை, கழற்றிவிட்டு அப்படியே மாட்டினால் போதுமா?

போதாது. என்ன வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் விற்ற 1999-2000 ஹோண்டா சிவிக் எஸ்ஐ என்று வைத்துக்கொள்கிறேன். இன்டெக்ரா டைப் ஆருக்கு ஹெலிகல் எல்எஸ்டி (சாய்ந்த பல் கியர்களால் வேலை செய்வது) கொடுத்த கம்பெனி, பி16 இன்ஜின் போட்ட இந்த வண்டியைச் சாதா டிஃப்போடு விட்டது.

தெருவில் ஓட்டவா? குவைஃப் கம்பெனியுடையது மாதிரி ஹெலிகல் வாங்குங்கள். தேயும் பிளேட் கிடையாது, சத்தமும் கிடையாது. ஒரே குறை: ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் சாதா டிஃப் போலத்தான் நடந்துகொள்ளும். தட்டுகள் உரசிப் பூட்டும் பிளேட் வகைக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் பார்க்கிங்கில் திருப்பும்போது கடகடக்கும், ஆயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். முன்சக்கர வண்டிக்கு 1 வே (ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பூட்டுவது) அல்லது 1.5 வே (விடும்போதும் கொஞ்சம் பூட்டுவது) போடுங்கள்; 2 வே போட்டால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பூட்டிக்கொண்டு வண்டி நேராகவே போகப் பார்க்கும். டிராக் ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம், தெருவுக்கு என்றுதான் சொன்னேன். சாதா டிஃப்புக்குள் ஸ்பிரிங்கும் தட்டும் செருகி "எல்எஸ்டி கிட்" என்று விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள்.

இனி வேலை. கியர்பாக்ஸை இறக்கி, கேஸைப் பிரித்து, டிஃப்பை வெளியே எடுத்தால் அதைச் சுற்றியுள்ள பெரிய பல்சக்கரமான ரிங் கியரில் 10 போல்ட் இருக்கும். பத்தும் இடதுகை மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். பைப் போட்டு முறுக்கினால் தலை முறிந்து கையோடு வரும். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பூட்டும்போது ரிங் கியரின் உள்விளிம்பில் சரிவு சீவிய பக்கம் டிஃப்பைப் பார்த்து இருக்க வேண்டும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் 101 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள். பழைய பேரிங்கைப் புல்லரால் இழுத்தாலே அது போயிற்று, புதுசு வாங்குங்கள். பிரஸ் செய்யும்போது அழுத்தம் உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஸ்பீடோமீட்டர் டிரைவ் கியரைப் பழைய டிஃப்பிலிருந்து மாற்ற மறந்தால் முள்ளும் எழாது, விடெக்கும் (அதிக சுற்றில் வால்வை அதிகம் திறக்கும் ஏற்பாடு) திறக்காது.

பின்சக்கர வண்டி மெக்கானிக் "கிரவுன் பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) செட் பண்ணணுமே" என்பார். இங்கே அது இல்லை. இங்கே முக்கியம் ஷிம், அதாவது பேரிங்கின் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்.

புது டிஃப்பின் உயரம் பழையதோடு மயிரிழை வித்தியாசப்படும். அதனால் பழைய 80 மிமீ ஷிம்மை (80 என்பது விட்டம், தடிமன் அல்ல) வைத்து, ஆயில் சீலும் சீலன்ட்டும் இல்லாமல் கேஸை மூடி, போல்ட்டை 27 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். டிஃப் கிளட்ச் ஹவுசிங் பக்கம் நன்றாக உட்காரும்படி தட்டிவிட்டு, ஆக்ஸில் துளை வழியாக ஷிம்முக்கும் பேரிங் வெளிவளையத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0 முதல் 0.10 மிமீ வரை சரி. 0.15 காட்டினால் 0.1 தடிமன் கூடிய ஷிம் வேண்டும். தளர்வாக விட்டால், ரிங் கியரின் சாய்ந்த பற்கள் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் டிஃப்பைப் பக்கவாட்டில் தள்ளும். கொஞ்ச நாளில் பேரிங் முனகும். தடிமன் கூடிப்போனால் கேஸே பேரிங்கை நசுக்கும், அது சூடேறிச் சாகும். "பழைய ஷிம்மே போதும் சார்" என்பவரிடம் ஃபீலர் கேஜைக் கையில் கொடுங்கள். அளந்த பிறகுதான் சீல், சீலன்ட் எல்லாம். சீலன்ட்டை மெல்லிய கோடாக இழுங்கள், பிதுங்குவது ஆயிலில்தான் போய் விழும்.

ஆயிலில் ஒரு சிக்கல் உண்டு. இந்த கியர்பாக்ஸில் டிஃப்புக்கும் சிங்க்ரோவுக்கும் (கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) ஒரே ஆயில். ஹெலிகலுக்கு ஹோண்டா எம்டிஎஃப் (ஹோண்டாவின் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்) போதும். பிளேட் வகைக்கு அதைத் தயாரித்தவர் சொல்லும் ஆயில்தான். கண்ட ஜிஎல்-5 தர கியர் ஆயிலை ஊற்றினால் சில ஆயிலில் சிங்க்ரோ வழுக்கி கியர் கரகரக்கும்.

"என் வண்டியில் எலக்ட்ரானிக் எல்எஸ்டியே இருக்கிறது" என்று ஒருவர் வருவார். பிரோஷரில் அப்படிப் போடுவதில் பல, சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கும் மென்பொருள்தான். தேய்வது உங்கள் பிரேக் பேட்.

மாட்டியதும் முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். பிளேட் வகையில் மற்றதும் அதே திசையில் வரும். ப்ரீலோட் (ஓய்விலும் இருக்கும் அழுத்தம்) இல்லாத ஹெலிகலில் எதிர்த்திசையில்தான் சுற்றும். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அது அப்படித்தான்.